ஆத்தைத் தாண்டுனா வரி கம்மி

கார் விக்கிறவங்களுக்குப் போட்டி பக்கத்துக் கம்பெனின்னு நீங்க நெனச்சிருப்பீங்க. கடலூர்ல கார் விக்கிறவங்களுக்குப் போட்டி பாண்டிச்சேரி.

பெண்ணையாத்துப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாப் போதும், எல்லை வந்துடும். அங்க சாலை வரி கம்மி. நம்ம ஊரு ஆளு ஷோரூமுக்கு வருவாரு, ஏசியில உக்காந்து காபி குடிப்பாரு, எல்லாக் கதவையும் தெறந்து தெறந்து சாத்திப் பாப்பாரு, "வீட்ல கேட்டுட்டு வரேம்மா"ன்னு கிளம்பிடுவாரு. அடுத்த வாரம் பாண்டிச்சேரி நம்பர் போட்ட புது வண்டியில நம்ம வாசல் வழியாவே ஹாரன் அடிச்சிட்டுப் போவாரு. துணிக்கடையில அம்பது புடவையைப் பிரிச்சுக் காட்டிட்டு, ஒண்ணும் போவாம மறுபடி மடிச்சு அடுக்குற சகோதரிகளே, இந்த வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நான் ரிசப்ஷன்ல போன் எடுத்துக்கிட்டு, வரவங்களுக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கிட்டு இருந்தவ. கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு, சேல்ஸுக்கு வந்தேன். வாசல் கண்ணாடியோரமா ஒரு மேசை குடுத்தாங்க. ரோட்டுல யாரு வண்டிய நிறுத்தி எட்டிப் பாத்தாலும் மொதல்ல என் கண்ணுலதான் படுவாங்க. ஐப்பசி மழையில வியாபாரம் படுத்ததும் மேனேஜர் கூப்பிட்டாரு. "பொங்கலுக்குள்ள நாலு வண்டி போவலன்னா மறுபடி ரிசப்ஷனுக்கே போயிடு செல்வி. வெலை பேசறதெல்லாம் ஆம்பளைங்க வேல"ன்னாரு. நாலு வண்டின்னதோட விட்டிருந்தா சரின்னு போயிருப்பேன். அந்தக் கடைசிப் பேச்சு சுருக்குன்னு தெச்சுது. மேசைய விடறதில்லன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

மச்சான் வீட்டு விலாசம்

மொத ஆளு குடிகாட்டுக்காரரு. பக்கத்துல கெமிக்கல் கம்பெனியில ஷிப்டு வேலை. பாண்டிச்சேரி ஷோரூம்ல வாங்குன கொட்டேஷனைப் போன்ல காட்டி, "இதே வண்டி, இதே கலரு. உங்க வெலை ஏன் இவ்ளோ ஜாஸ்தி?"ன்னு கேட்டாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனேன். வண்டி வெலை ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான். இன்சூரன்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் முழுக்க வரியில.

"வரி அங்க கம்மிதான் சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்க பதிவு பண்ணணும்னா அந்த ஊரு விலாசம் வேணுமே?"ன்னேன். "அரியாங்குப்பத்துல என் மச்சான் இருக்கான், பொண்டாட்டியோட தம்பி. அவன் பேர்ல எடுத்துட வேண்டியதுதான்." "அப்போ ஆர்.சி. புக்கு அவர் பேர்ல, தவணை மட்டும் உங்க பேர்லயா சார்?"னு சாதாரணமாத்தான் கேட்டேன்.  மனுஷன் போனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுச் சொன்னாரு: "போன தீவாளிக்கு வாங்கிட்டுப் போன டிரில்லிங் மிஷினையே அவன் இன்னும் திருப்பித் தரல மேடம். நீங்க இங்கயே பில்லு போடுங்க."

ஏத்துக்கூலி, இறக்குகூலி

திட்டக்குடியில இருந்து ஒரு பருத்தி விவசாயி குடும்பத்தோட வந்தாரு. சின்ன கார்தான் வேணும், ஆனா வீட்ல எல்லாரும் ஏறணும். எல்லாரையும் ஏத்தி உக்கார வச்சு, கதவைச் சாத்திப் பாத்து, "பரவால்ல, மூச்சு வுட முடியுது"ன்னு திருப்திப்பட்டுக்கிட்டாரு. அப்புறம் என் மேசைக்கு வந்து விலைப் பட்டியல்ல ஒவ்வொரு வரியா விரல் வச்சுக் கேட்டாரு. வரி சரி. இன்சூரன்ஸ் சரி. ஹேண்ட்லிங் சார்ஜுன்னு வந்த எடத்துல விரல் நின்னுடுச்சு.

"கம்பெனியில இருந்து வண்டிய லாரியில ஏத்தி, இங்க எறக்கி, தொடச்சு வைக்கிற செலவுங்க"ன்னு எங்க ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நாக்கு கூசுச்சு. அவரு கோவப்படல. பொண்டாட்டியப் பாத்துச் சிரிச்சாரு. "ஏம்மா, நான் பருத்தி மூட்டைய ஏலத்துக்கு மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டாந்தா, விக்கிறவன்னு சொல்லி ஏத்துக்கூலி இறக்குகூலிய என்கிட்ட புடிக்கிறாங்க. இங்க நான் வாங்குறவன், இங்கயும் என்கிட்டத்தான் புடிப்பீங்களா?"

நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். அந்தச் சார்ஜை எடுக்கலன்னா இந்த வண்டி போவாதுன்னேன். அவரு முறைச்சாரு, நான் நவுரல. எடுத்தாரு. ரெண்டாவது வண்டி திட்டக்குடிக்குப் போச்சு.

துபாய் வெலை

பரங்கிப்பேட்டையில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரரு துபாய்ல. வீடியோ கால்ல அவரையும் கூடவே கூட்டியாந்திருந்தாங்க. போனை என் மேசையில தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வச்சுட்டாங்க. நான் எந்த வெலை சொன்னாலும் போனுக்குள்ள இருந்து, "இங்க இதைவிடப் பெரிய வண்டி இதுல பாதி வெலைம்மா"ன்னு குரல் வரும். கடைசியில, "நான் இங்கயே வாங்கிக் கப்பல்ல அனுப்பிடறேன்"னுட்டாரு.

விடுவேனா? ஒண்ணொண்ணா சொன்னேன். கப்பல் கூலி, துறைமுகச் செலவு, சுங்க வரி, அதுக்கு மேல இங்க ஜி.எஸ்.டி., அப்புறம் நம்ம ரோட்டுக்கு ஏத்த வண்டியான்னு டெஸ்ட்டு, அதுக்கும் மேல சாலை வரி. அவரு வாங்குற பாதி வெலை இங்க வந்து எறங்கும்போது ரெண்டு வண்டி வெலையத் தாண்டிடும். "இன்னொண்ணு பாய், அங்க ஸ்டியரிங் இடது பக்கம். அந்த வண்டிய இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவே பண்ண மாட்டாங்க"ன்னேன்.  எனக்கு ஒரே சந்தோஷம், மூணாவது வண்டி முடிஞ்சுதுன்னு பேனாவையே தெறந்துட்டேன். அந்த அம்மா போனைக் கையில எடுத்து, மொகத்துக்குக் கிட்ட வச்சுக்கிட்டாங்க. "மச்சான், கப்பலும் வேணாம், காரும் வேணாம். அந்தக் காசுல நீங்க ஒரு தடவ ஜாஸ்தியா ஊருக்கு வந்துட்டுப் போங்க."

பேனாவை மூடிட்டேன். வாசல் வரைக்கும் கூடப் போயி வழியனுப்புனேன். அப்போ எனக்கு வண்டி போவலயேன்னு வருத்தம் வரல, ராத்திரிதான் வந்துச்சு.

எது வெளிநாடு, எது உள்ளூரு

எனக்குச் சிதம்பரம். தினம் பஸ்ஸுல கடலூர் வந்துட்டுப் போறவ. அதனால எங்க ஊருக் கேஸு எல்லாம் என் தலையிலதான் விழும். கீழவீதியில ஒரு ரிட்டையர்டு கணக்கு வாத்தியாரு. தை பொறந்தா வெலை ஏறும்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு. டாலர் ஏறுது, பாகமெல்லாம் வெளிநாட்டுல இருந்து வருதுன்னேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். "எந்தெந்தப் பாகம்?"

சர்வீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு தப்பிச்சு வந்தேன். விட்டாரா? தினம் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு எறங்குற எடத்துக்கே வந்து நின்னாரு. சர்வீஸ்ல கேட்டுத் தினம் ஒண்ணு சொன்னேன்: சிப்பு வெளிநாடு. சென்சாரு வெளிநாடு. கண்ணாடி நம்ம ஊரு, டயரு நம்ம ஊரு. ஒருவழியா, வெலை ஏறுறதுக்கு முன்னாடியே குடுங்கன்னு பணத்தைக் கட்டுனாரு. ராகு காலம் கழிச்சு, நல்ல நேரம் பாத்து, வீட்டு வாசல்லயே டெலிவரி. சூடம் ஏத்தி, பூசணிக்கா ஒடச்சு, நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சோம். கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு வீதியையும் ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் வண்டி வீட்டுக்குள்ள போவணும்னாங்க. வண்டி ஏறி பழமெல்லாம் நசுங்குனதும் வாத்தியாரு குனிஞ்சு பாத்துட்டு என்கிட்ட மெதுவாக் கேட்டாரு: "ஏம்மா, டாலர் ஏறுனா இந்தப் பழம் வெலையும் ஏறுமா?"

கலரு மட்டும் இங்க

போகிக்கு முந்தின நாளு. மூணு வண்டி போயிருந்துச்சு. நாலாவதுக்கு வழியே இல்ல. மேனேஜர் சாப்பிடப் போகும்போதே சர்வீஸ் பக்கத்துல இருந்து ரெண்டு பேரை வரச் சொல்லிட்டுப் போயிட்டாரு, என் மேசையைத் தூக்குறதுக்கு.  அழுதா இன்னும் எளக்காரமாப் போயிடும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு டிராயரைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்போ மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு பெரியவரு உள்ள வந்தாரு. சின்ன வண்டி, சாம்பக் கலரு எப்படி இருக்கும்னு மட்டும் பாக்கணும்னாரு. காட்டுனேன். புடிச்சுப்போச்சு. "சரிம்மா, வரேன். கலரு மட்டும் இங்க பாத்துக்குங்க, வண்டிய பாண்டிச்சேரியில எடுத்துக்கலாம்னு எங்க மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. இங்கதான் மேனேஜரா இருக்காரு"ன்னாரு.

அட, நம்ம மேனேஜரோட மாமனாரு! இவரைத் திருப்புனா மேனேஜர் மொகத்துல கரி. விட்டா என் மேசை போச்சு. சரி, வர்றது வரட்டும்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார வச்சேன். "ஐயா, தினம் எங்கெங்க ஓட்டுவீங்க?" "மார்க்கெட்டு, பாடலீஸ்வரர் கோயிலு, பேரனுக்காக சில்வர் பீச்சு." "இதுல எதுனா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா? வண்டிய இங்கயே வச்சு ஓட்டுனா இந்த ஊரு வரிய எப்படியும் கட்டித்தான் ஆவணும். புடிபட்ட அன்னிக்கு அபராதத்தோட கட்டுறீங்களா, இன்னிக்கே கௌரவமாக் கட்டுறீங்களா?" அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. இன்னும் நெறையக் கேள்வி கேட்டாரு. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அட்வான்ஸைக் கட்டிக் கையெழுத்துப் போடும்போது மேனேஜர் உள்ள நுழையறாரு. கூடவே மேசையைத் தூக்க வந்த ரெண்டு பேரும்.

பெரியவரு திரும்பிப் பாத்து, ஷோரூம் முழுக்கக் கேக்குற மாதிரி, "என்னா மாப்ள, நீங்க சொல்லாம வுட்டதெல்லாம் இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு!"ன்னாரு. மேனேஜர் மாமனாரைப் பாத்தாரு, கையெழுத்தைப் பாத்தாரு, என்னைப் பாக்கல. அதுக்குள்ள மேசையோட ரெண்டு முனையையும் புடிச்சுத் தூக்கிட்டவங்ககிட்ட சொன்னாரு: "எறக்கி வைங்கப்பா, அது இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

வெலை பேசறது ஆம்பளைங்க வேலையா பொம்பளைங்க வேலையான்னு எனக்குத் தெரியாது, ஆனா மேனேஜர் வீட்டுக் காரையே ஆத்துக்கு இந்தப் பக்கம் திருப்புனவ நானு, அதனால சந்தனக் கிண்ணத்தை இனிமே வேற யாராவது நீட்டிக்கட்டும்.