சும்மா ஒரு பார்வை

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் "சும்மா சார்". வாடகைக்கு விட்ட வீடுகளை அவ்வப்போது போய்ப் பார்த்து வருவது அவருடைய வேலை. கதவு திறந்ததும், "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். அந்தச் சும்மாவில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மற்ற ஆட்கள் அலமாரியைத் திறப்பார்கள், கட்டிலுக்கடியில் குனிவார்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சும்மா சார் எதையும் தொடமாட்டார். உட்காருவார். தண்ணீர் கேட்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அலமாரியைத் திறப்பதைவிட மனுஷர்களின் வாயைத் திறக்க வைப்பது சுலபம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தன் வீட்டிலும் விடமாட்டார். அடுக்களைச் சுவரை விரலால் தேய்த்துப் பார்ப்பார். "இது நம்ம வீடு, வாடகை வீடில்ல. போய் உக்காருங்க" என்று மனைவி விரட்டுவாள். அந்த ஓர் இடத்தில்தான் அவருடைய பாச்சா பலிக்காது.

அன்று மூன்றாவது மாடித் தையல்காரியின் வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை என்று மூன்று பேருக்குத்தான் அந்த வீட்டைக் கொடுத்திருந்தார்கள். நான்காவதாக ஒரு தலை தென்பட்டால் காலி செய்ய வேண்டியதுதான். புருஷன் லாரியோடு வெளியூர் போயிருந்தான், குழந்தை பள்ளிக்கூடத்தில். தையல்காரி சுவரைத் துடைத்து, அடுப்பைத் தேய்த்து, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். சும்மா சாருக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு சுத்தம் எதையோ மறைக்கத்தான் என்பது அவர் கணக்கு.

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க தம்பி ஒருத்தர் கிடங்குல மூட்டை தூக்குறாருன்னு போன தடவை சொன்னீங்களே, எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

கூடப்பிறந்தவனைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டால் எந்த அக்காவுக்குத்தான் மனம் இளகாது?

"அதை ஏன் கேக்குறீங்க! மேலருந்து விழுந்து கால் முறிஞ்சிடுச்சு. வேலையும் போச்சு. பாவம், வீட்ல சும்மாதான் இருக்கான்."

வேலையில்லாதவனைப் பற்றி நாமெல்லாரும் இப்படித்தான் சொல்வோம். யோசித்தா சொல்கிறோம்? நாக்கில் தானாக வருகிறது. ஆனால் அந்தத் தம்பிக்கு வீடு கிடையாது. கிடங்குக்காரர் கொடுத்திருந்த அறைதான் அவனுக்கு எல்லாம், வேலை போனால் அதுவும் போய்விடும். இதையும் போன தடவை அவளேதான் சொல்லியிருந்தாள்.

"எந்த வீட்லம்மா?" என்றார், மிக மெதுவாக.

அவள் முகம் வெளிறிப்போனது. சும்மா சாருக்கு வேண்டியது அந்த முகம்தான். சம்பளம்கூட இரண்டாம்பட்சம், அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அந்த மனுஷர் படியேறுகிறார். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை.

"குழாய் ஒழுகுதான்னு பாத்துடறேன்" என்று எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தள்ளினார். உள்ளே, கக்கத்தில் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு மெலிந்த இளைஞன் ஒருவன் சுவரோடு சுவராக ஒண்டி நின்றான். மூக்கும் முழியும் தையல்காரியை அப்படியே உரித்து வைத்திருந்தன.

"யாரு இது? தம்பியா?"

"ஐயோ, தம்பி இல்லைங்க!" தையல்காரியின் குரல் கீச்சிட்டது. "யாரோ எவரோ. அவசரம்னு கதவைத் தட்டினாரு, பாவம்னு விட்டேன். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

"நல்ல மனசும்மா உங்களுக்கு. இதுக்காக இந்தக் கட்டையோட மூணு மாடி ஏறி வந்திருக்காரே!"

தம்பி அக்காவை ஒரு கணம் பார்த்தான். கைகூப்பப் பார்த்தான், ஊன்றுகோல் இடம் கொடுக்கவில்லை. "ரொம்ப நன்றிங்க மேடம். நான் வரேங்க" என்றான். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளை வா, போ என்று அழைத்தவன். அவனுடைய பையும் வலி மாத்திரைகளும் கட்டிலுக்கடியில் இருந்தன. யாரோ எவரோ ஆகிவிட்டவன் அவற்றை எப்படி எடுத்துக்கொண்டு போவான்? வெறுங்கையோடு இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் கேட்டது. அது அடங்கும்வரை சும்மா சார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், அவள் ஓடிப்போய்த் தாங்கிவிடக் கூடாது என்று.

"வீட்டை நல்லா வச்சிருக்கீங்க. ஒரு குறையும் இல்ல."

அவள் கும்பிட்டாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான்காவது ஆள் இருப்பது உறுதி என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் சாவி வாங்கப் போனபோது மூட்டை முடிச்சுகள் படிக்கட்டில் கிடந்தன. தையல்காரி ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கூப்பிட்டும் எடுக்காத தம்பி அன்றைக்கு எடுத்தான். பழைய போன், பேச்சு வெளியே கேட்டது.

"சொல்லுங்க மேடம். பக்கத்துல யாராவது இருக்காங்களா? நான் அப்புறமா பேசட்டுமா மேடம்?"

"அக்கான்னு கூப்பிடுடா!" என்று அவள் கதறினாள். "வீடு போச்சுடா, இனிமே யாருக்குடா பயப்படணும்? எங்கடா இருக்க?"

போனில் ஏதோ தெருவின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சும்மா சார் கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு சாவி குடுத்திருந்தோமேம்மா. இன்னொண்ணு உங்க தம்பிகிட்டயா இருக்கு?"