முப்பதாயிரத்து முப்பத்தொன்று

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் பச்சை வேர்க்கடலையின் மண்வாசமும் வெயிலில் காய்ந்த இரும்பின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் 30031 என்ற எண்தான் ஞாபகம் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், விழுப்புரத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பழுதாகி வந்து நின்ற கூட்ஸ் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த எண் அது.

நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் அப்போது ஆறாம் வகுப்பு. ஆளுக்கொரு பெட்டியின் நம்பரைப் பிடித்து மணலில் எழுதி, எதிராளியின் நம்பரை மீதியில்லாமல் வகுத்துவிட்டால் அவளிடம் ஒரு பிடி மல்லாட்டை வாங்கிக்கொள்வது எங்கள் "பொட்டி ஆட்டம்". எதனாலும் வகுபடாத பகா எண்ணைப் பிடித்தவள் அன்றைக்கு ராணி.

அந்தப் பெட்டியை நான்தான் முதலில் பார்த்தேன். இரண்டால் வகுத்தோம், மீதி ஒன்று. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று போனாலும், என்ன மாயமோ, ஒவ்வொரு தடவையும் மீதி அதே ஒன்று! இனி எதனால் வகுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும், நான்தான் ராணி என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

"இன்னும் பெரிய நம்பர்லாம் கீதுடி. எதுனா ஒண்ணுல மாட்டிக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

"தோத்துட்டு ரீல் வுடாத!" என்று அவள் பாவாடை மடியிலிருந்த மல்லாட்டையைப் பிடுங்கினேன். அவள் "காய்" விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"ஒரு நம்பருக்காடி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? நல்லா கீது!" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். ஸ்டெல்லாவே வரட்டும் என்று நான் இருந்தேன்; அவளும் அப்படியே இருந்தாள் போலிருக்கிறது. அதற்குள் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அவள் அப்பாவுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர்கள் சாமான்களை ஏற்றும்போது, பாழாய்ப்போன வீம்பில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுதேனே தவிர வெளியே வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு கிடையாது. பதினேழால் வகுத்தால் மீதி ஒன்பது, பத்தொன்பதால் பதினொன்று, இருபத்துமூன்றால் பதினாறு என்று ஐம்பத்துமூன்று வரைக்கும் எறும்பெழுத்தில் வரிசையாக எழுதி, கடைசி வரியில் "59 × 509 = 30031. பழமா?" என்றிருந்தது.

தப்பாக இருக்காதா என்ற நப்பாசையில் மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. பத்துக்கு மேல் வகுக்கச் சொன்னாலே முனகுகிறவள், விளையாட ஆளில்லாத ஊரில் உட்கார்ந்து இத்தனை தடவை வகுத்திருக்கிறாள், கோபமிருந்தால் வகுப்பாளா? அப்பாவிடம் கார்டு வாங்கி, இடம் மிச்சமில்லாமல் "பழம் பழம் பழம்" என்றே எழுதினேன். பிடுங்கிய மல்லாட்டைக்கு இரண்டு பிடியாக, திண்டிவனம் போகிறவரிடம் கொடுத்தனுப்பினேன்.

இப்போது அந்தப் பெட்டி நின்ற தண்டவாளமும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. ஸ்டெல்லா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். சென்ற மாதம் மேம்பாலத்தில் நின்றபோது கீழே ஒரு கூட்ஸ் போனது. பெட்டிக்குப் பதினொரு இலக்கம். படித்து முடிப்பதற்குள் ஓடிவிடுகிறது. எப்படியோ ஒன்றைப் பிடித்து, மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை என்று நான் பாட்டுக்கு வகுத்துக்கொண்டு நின்றேன். "எதுனா ஒண்ணுல மாட்டிக்கும்டி" என்று சண்டைக்கு வரத்தான் ஆளில்லை.