எல்லாரும் திரும்பி வந்த புத்தகங்கள்

அன்னப்பூரணி நூலகத்தில் புத்தகம் தெரிவு செய்கிற விதம் பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அலுமாரிக்கு முன்னால் நின்றபடியே கடைசிப் பக்கத்தை விரிப்பாள். பிறகு முன்னுக்குப் புரட்டி, கதையில் மகன் என்று ஒருவன் இருக்கிறானா என்று தேடுவாள். இருந்தால் அவனுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பாள். அவன் செத்துப்போகிற புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு அடுத்ததை உருவுவாள். சண்டை நடந்த அந்த வருஷங்களில் மட்டக்களப்பு நூலகத்தில் இருந்தவற்றில், பிள்ளை பிழைத்துக்கொள்கிற கதை கிடைப்பது இலேசாக இருக்கவில்லை. கிடைக்காத நாளில் சாகிற கதையையே எடுத்துக்கொண்டு ஆரையம்பதி பஸ்ஸில் ஏறுவாள். கல்லடிப் பாலத்தில் எல்லாரையும் இறக்கிச் சோதிக்கிற வரிசையில் நிற்கும்போது, அந்த முடிவை எப்படி மாற்றுவது என்று யோசித்துக்கொண்டே நிற்பாள்.

புத்தகம் அவளுக்கல்ல, புருஷன் கனகசிங்கத்துக்கு.

கனகசிங்கம் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் பார்க்கப் போகும்போதும் சைக்கிள் கரியரில் ஒரு தமிழ்ப் புத்தகமும் ஒரு இங்கிலீசுப் புத்தகமும் இருக்கும். வாசித்து முடித்தால் சும்மா திருப்பிக் கொடுக்கமாட்டார். நூலகத்தில் யார் நின்றாலும் பிடித்து வைத்து அபிப்பிராயம் சொல்வார். "புத்தகத்த வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லாமக் குடுக்கிறது, சாப்பிட்டுக் கை கழுவாம எழும்புற மாதிரி" என்பது அவருடைய கட்சி. இரத்தத்தில் சீனி கூடி வந்த வருத்தம் முதலில் ஒரு கால்விரலைக் கொண்டுபோனது, அதன் பிறகு இரண்டு கண்களையும். கொழும்புக்குக் கொண்டுபோனால் கண்ணைப் பார்க்கலாம் என்றார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு அத்தனை சோதனைச் சாவடியையும் தாண்டி அப்போது கொழும்புக்குப் போக முடியுமா? இங்கிலீசுப் புத்தகம் அன்றோடு அவருக்கு இல்லாமல் போனது. தமிழை அன்னப்பூரணி வாசித்துக் காட்டினாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள், நிறுத்தி அழகாக வாசிப்பாள். ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போகிற நாள்தான் புத்தகம் மாற்றுகிற நாளும்.

கால்விரல் எடுப்பதற்காக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் அது நடந்தது. அவர்களுக்கு ஒரே மகன், பேரின்பராசா. வீட்டில் இன்பன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்த வயலைப் பார்த்துவிட்டு மண்முனைத் துறையில் வள்ளம் ஏறி வந்துகொண்டிருந்தான். இரண்டு கரையில் இருந்தும் வெடி கிளம்பியது. எந்தக் கரை முதலில் சுட்டது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வள்ளம் கவிழ்ந்தது. பிறகு அவனை நாணல் பற்றைக்குள் இருந்து எடுத்தார்கள். அன்னப்பூரணி தன் தமையன் கோணாமலையோடு போய்ப் பார்த்து, அவன் போட்டிருந்த சேட்டு நிறத்தை வைத்து அடையாளம் சொன்னாள். துறையில் காவல் நின்றவர்கள் உடலை வாவியைக் கடந்து இந்தப் பக்கம் கொண்டுவர விடவில்லை. அங்கேயே ஒரு மேட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அன்று பின்னேரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மனம் உடைகிற செய்தி எதையும் இப்போது அவருக்குச் சொல்ல வேண்டாம், இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். கனகசிங்கம் கட்டிலில் இருந்து, "இன்பன் எங்க, ஆளையே காணல்ல" என்று கேட்டார்.

"கட்டாருக்குப் போயிட்டான்" என்றாள். ஏன் அந்தச் சொல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன் கட்டாருக்குப் போயிருந்தான், அதனாலாக இருக்கலாம். "ஏஜென்டுக்காரன் ஒரே நாளில கொழும்புக்குக் கூட்டிப் போயிட்டான். உங்களிட்டச் சொல்ல நேரம் கிடைக்கல்ல."

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணோடு இதையும் எப்படிச் சொல்வது? நாளைக்கு நாளைக்கு என்று நாட்கள் போயின. செத்த வீடு வைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அவன் பேரில் சோறு படைத்து அமுது கொடுக்கவில்லை. தெரு முழுக்கத் தெரியும், ஆனால் அந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டி யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை, அழுகை வந்தால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தன் வளவுக்கே திரும்பிப் போய்விடுவாள். கடிதம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், தபாலே ஒழுங்காக ஓடாத காலத்தில் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அவர் மகனைத் திட்டினார்.

"தகப்பன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான், ஒரு வார்த்தை சொல்லாமப் பிளேன் ஏறிட்டான் பாரு. வளர்த்தது பிழை."

"விடுங்க, அவன் சின்னப்பிள்ளை."

"சின்னப்பிள்ளையா? கழுதைட வயசு. வரட்டும் அவன், நான் கதைக்கமாட்டன்."

இதற்குத்தான் அவள் புத்தகத்தைக் கையில் எடுப்பாள். வாசிக்கத் தொடங்கினால் திட்டு நிற்கும். பின்னேரத் தேத்தண்ணி குடித்ததும் அவர் கதிரையில் சாய்ந்திருப்பார், அவள் கீழே பாயில் இருந்து வாசிப்பாள். கதையில் யாராவது பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறான் என்ற இடம் வந்ததும் அவளுடைய கண் எழுத்தை விட்டுவிடும். வாய் மட்டும் போகும். தன்பாட்டில் ஒரு முடிவு சொல்வாள்.

அவர் அபிப்பிராயம் சொல்லாமல் விடுகிற ஆளா?

"இவனுக்கு நடுவில நல்லா எழுதத் தெரியுது, முடிக்கத் தெரியல்ல. முடிவு மட்டும் வேற ஆள் எழுதினது மாதிரிக் கிடக்கு."

இன்னொரு நாள் புத்தகத்தை வாங்கிக் கடைசித் தாள்களை விரலால் தடவிப் பார்த்தார். "கதை முடிஞ்சிட்டு எண்டாய். இவ்வளவு ஒற்றை மிச்சம் கிடக்கே?"

"அது விளம்பரம்."

"இவ்வளவு விளம்பரமா? புத்தகத்த விட விளம்பரம் பெரிசா இரிக்கும் போல."

அவளுக்கும் அபிப்பிராயம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. எழுதுகிறவர்கள் கதையில் கண்ணீர் வேண்டும் என்றால் உடனே ஒரு பிள்ளையைக் கொன்றுவிடுகிறார்கள், அதைவிட வேறு வழி அவர்களுக்குத் தெரியாதா என்று நினைப்பாள். ஒரு பக்கத்தில் கொன்றுவிட்டு அடுத்த பக்கத்தில் மழை பெய்கிறது என்று எழுத எப்படிக் கை வருகிறது என்றும் நினைப்பாள்.

தொண்ணூற்றைந்தில் சில மாதம் வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தபோது காத்தான்குடியில் இருந்து முகைதீன்பாவா வந்தார். கனகசிங்கத்தோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர், அவரைப் போலவே புத்தகப் பைத்தியம். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரண்டு ஊர்க்காரரும் ஒருவர் பக்கம் ஒருவர் போவதில்லை. நடந்து வரக்கூடிய தூரம்தான். அத்தனை வருஷம் வராமல் இருந்தவர் படலையைத் திறந்துகொண்டு வந்ததும், கனகசிங்கம் குரலைக் கேட்டே எழும்பிவிட்டார்.

"என்ன மச்சான், இன்னும் மௌத்தாகல்லியா?"

"நீ இல்லாம நான் தனியாப் போறதா? இரி, இரி. பூரணி, பாவாக்குத் தேத்தண்ணி போடு."

அன்னப்பூரணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாள். இன்பனைப் பற்றிப் பாவாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் நல்லது என்று நினைத்தாள். அடுப்பில் உலை ஏற்றி அரிசியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி தேடினாள். இந்த ஊரில் தன்னைத் தவிர அந்தப் புத்தகங்களை வாசிக்கிற இன்னொரு ஆளும் இருக்கக்கூடும் என்பது அதுவரைக்கும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சிவப்பு மட்டை ஒண்டு, கடற்கரைக் கதை, வாசிச்சியா?" கனகசிங்கம் கேட்டார்.

"வாசிச்சன். என்னமா எழுதியிரிக்கான்."

"என்ன எழுதியிரிக்கான்? முடிவு சப்பு. புயலுக்குள்ள போன பொடியன் விடியக் கரைக்கு வந்து நிண்டு சோறு கேக்கிறான். எவன் நம்புவான்?"

"எங்க மச்சான் வந்தான்? தோணியெல்லோ தனியா வந்த."

"இல்ல, வந்தான்."

"வரல்ல. தகப்பன்காரன் அந்தத் தோணியக் கொத்தி விறகாக்கிறான். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல்ல."

அடுக்களைக்குள் அன்னப்பூரணியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"சரி, அத விடு" என்றார் கனகசிங்கம். "தேயிலைத் தோட்டத்துக் கதை. பொலிஸ் பிடிச்சு மறியல்ல போட்ட மகன்."

"அவன மறியலுக்குள்ளயே அடிச்சிக் கொல்றானுகள். தாய்க்காரி சாப்பாட்டுப் பாசலோட வாசல்ல நிக்கிறா."

"ரயில் கவிழுற கதை?"

அன்னப்பூரணி அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள். பாவா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவருக்கு என்ன விஷயம் என்று தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"அது... அது எனக்கு மறந்து போயிட்டு மச்சான். வயசாகிட்டெல்லோ."

"உனக்கு மறந்து போயிட்டு?" என்றார் கனகசிங்கம். "பாவா, முப்பது வருஷத்துக்கு முந்தி வாசிச்ச புத்தகத்தில எத்தினையாம் பக்கம் எண்டு சொல்லுற ஆள் நீ."

பாவா தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பினார். படலையடியில் அன்னப்பூரணியிடம், "தங்கச்சி, நான் என்ன செஞ்சி போட்டன்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒண்டும் இல்ல பாவா காக்கா. நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க."

திரும்பி வந்தபோது கனகசிங்கம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையும் முழங்காலில் இருந்தன.

"பூரணி, இஞ்ச வந்து இரி."

"உலையில அரிசி கிடக்கு."

"கிடக்கட்டும். வா."

அவள் பாயில் இருந்தாள்.

"நீ வாசிச்ச கதையில எல்லாம் போன பிள்ளை திரும்பி வந்தான். ஒருத்தன் கூடச் சாகல்ல" என்றார். "ஏன் மாத்தினாய்?"

"நீங்க கவலைப்படுவீங்க எண்டு."

"புத்தகத்தில ஆரோ செத்தா எனக்கென்ன கவலை? நான் எத்தினை சாவு வாசிச்சவன். உனக்குத்தான் வாசிக்க ஏலாமப் போயிரிக்கி." அவருடைய குரல் இறங்கியது. "இன்பன் எங்க?"

கட்டார் என்ற சொல் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

"துறையில" என்றாள். "நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தக்குள்ள. வயலுக்குப் போயிட்டு வரக்குள்ள."

அவள் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். வள்ளம், நாணல், சேட்டு, மேடு. எதையும் விடவில்லை. சொல்லி முடிந்தது. அவர் கையை நீட்டித் தடவினார். அவளுடைய தோள் அகப்பட்டது.

"அவன் என்னட்டச் சொல்லாமப் போகல்ல."

"இல்லை."

"நான் அவன எவ்வளவு திட்டினன். ஒவ்வொரு நாளும். நீ இதில இருந்து கேட்டுக்கொண்டு இருந்திரிக்கிறாய்."

"அவனுக்குக் கேட்டிராது" என்றாள்.

"அமுது குடுத்தியா?"

"எப்பிடிக் குடுக்கிறது? ஆக்கினா உங்களுக்கு மணத்திருக்கும்."

"நீ அழவும் இல்லையா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வந்தது பதில் அல்ல. "என்ட மனே" என்று தொடங்கியது. அடிவயிற்றில் இருந்து வந்த அந்தக் குரல் வளவைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அவர் அவளுடைய தோளைப் பிடித்தபடி, பார்வையில்லாத கண்ணால் எதிரே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

சீதேவிப்பிள்ளைதான் முதலில் ஓடி வந்தாள். படலையைத் திறந்தவள், இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்ததை அந்த இடத்திலேயே விட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வந்து அன்னப்பூரணியைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வளவில் இருந்தும் பெண்கள் வந்தார்கள். யாரும் எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. வட்டமாக இருந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, இன்பனுடைய பெயரைச் சொல்லி அழுதார்கள். ஆண்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். யாரோ ஒருவர் கோணாமலைக்கு ஆள் அனுப்பினார்.

அடுக்களையில் உலை பொங்கி வழிந்து சாம்பலில் கொட்டுகிற சத்தம் கேட்டது. அன்னப்பூரணி எழும்பப் பார்த்தாள்.

"நீ இரி கா" என்றாள் சீதேவிப்பிள்ளை. "செத்த வீட்டில அடுப்பு எரியப்படாது. சோறு எங்கட வீட்டில இருந்து வரும்."

அவள் உள்ளே போய் விறகை வெளியே இழுத்து, குடத்துத் தண்ணீரை அள்ளி அடுப்பில் ஊற்றினாள்.