அவளுக்குப் பதிலாக நின்றவர்

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் அந்த நர்சுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘எண்ணிக்கை’தான். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் உள்ளே போன பஞ்சுத்துணி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒன்று குறைந்தாலும் “குறையுது டாக்டர்” என்பாள். அது கிடைக்கும்வரை எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தப் பழக்கம் அவளை வெளியிலும் விடவில்லை. லிஃப்டில் ஏறினால் ஆட்களை எண்ணுவாள். கல்யாண வீட்டில் நாற்காலிகளை எண்ணி, “பன்னிரண்டு பத்தாது” என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு வருவாள்.

சின்ன வயதிலிருந்தே கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள். வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் திருத்தும் ரகம் அல்ல. ஆனால் தன்னால் முடியாத காரியம் ஒன்று உண்டு என்பது வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கருக்கலைப்பு. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் முதல் ஆளாக நிற்பாள். மற்றபடி அவளால் அந்த மேசையருகே நிற்க முடியவில்லை. துணிகள் அடுக்கும் அறையில், தியேட்டர் பொறுப்பாளராக இருந்த இன்சார்ஜ் அக்காவிடம் போய் நடுங்கிக்கொண்டே அதைச் சொன்னாள்.

இன்சார்ஜ் அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை ஒளித்தும் வைக்க மாட்டார், ஊதிப் பெரிதாக்கவும் மாட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“பயத்துல சொல்றியா, மனசுல இருந்து சொல்றியா?”

“மனசுல இருந்துதான் அக்கா.”

“சரி, போய் வேலையப் பாரு.”

ஒப்படைத்த வேலையை மறுக்கிறவர் வீட்டுக்குப் போகலாம் என்பது அப்போதைய நிர்வாகத்தின் விதி. இன்சார்ஜ் அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த கேஸ் வரும் நாளில் எல்லாம் டூட்டி லிஸ்டில் எண்ணிக்கையின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது. கேஸ் முடிந்து வெளியே வரும் பெண்ணை எண்ணிக்கைதான் கவனித்துக்கொள்வாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், வெந்நீர் கொடுத்து, போர்வை போர்த்தி, அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு அவள் மனசாட்சி குறுக்கே நிற்கவே இல்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரி கைமாறியது. வாங்கியது அவள் சபையைச் சேர்ந்தவர்கள் நடத்தும் அறக்கட்டளை. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்வது தவிர மற்ற கருக்கலைப்புகள் நின்றன. தினமும் காலையில் வரவேற்பு அறையில் ஜெபம் ஆரம்பமானது. எண்ணிக்கைக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷமாகத் திருடியைப்போல ஒதுங்கி நின்றவளுக்குத் திடீரென்று வீடே சொந்தமானால் எப்படி இருக்கும்?

புது செயலாளர், சபையில் முதல் வரிசையில் உட்காரும் பெரியவர், ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்தார். ‘நான் கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன், காலை ஜெபத்தில் மனப்பூர்வமாகப் பங்கேற்பேன்’ என்று நாற்பத்தேழு பணியாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். வேறு வேறு மதக்காரர்களும் போட்டார்கள். “கையெழுத்துதானே அக்கா, விரலையா கேக்குறாங்க?” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார் வார்டு பெருக்குகிறவர். அந்தச் சிரிப்பு எண்ணிக்கைக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் வாங்கி வைத்தாள். படிவங்களைச் சேகரிக்கும் பொறுப்பை அவளிடம்தானே கொடுத்திருந்தார்கள்? தப்பே வராது என்று நம்பி.

தப்பு வந்தது. செயலாளரின் மேசைமேல் படிவக் கட்டை வைத்து, பழக்கதோஷத்தில் வாய்விட்டு எண்ணினாள். “நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு… ஒண்ணு குறையுது ஐயா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். இப்போது பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். இன்சார்ஜ் அக்காவின் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஜெபம் பண்றவங்கள நான் தடுக்கலையே சார். நம்பாததை நம்புறேன்னு எழுதச் சொன்னா, அது பொய்க் கையெழுத்து. போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் வேலை இல்லை என்று முடிவானது. அடுத்த இன்சார்ஜ் எண்ணிக்கைதான் என்றும் செயலாளர் அவளிடம் சொன்னார். நல்ல செய்தி சொல்லும் முகத்தோடுதான் சொன்னார்.

அக்கா அவளை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது. வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் பஸ் ஓட்டும் கணவன் விஷயத்தைக் கேட்டான்.

“என்ன செய்யறதுன்னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்” என்றாள்.

“இதுல கடவுள்கிட்ட கேக்க என்ன இருக்கு? வாயைக் கொடுத்து மாட்டிவிட்டது நீ. போய் அதே வாயால பேசு.”

பேசினாள். வெள்ளிக்கிழமை காலை செயலாளர் அறையில் நின்றுகொண்டு, டூட்டி லிஸ்டில் நடந்த பதினெட்டு வருஷக் கதையையும் சொல்லிவிட்டாள். செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“விதியை மீறியிருக்கீங்க ரெண்டு பேரும்.”

“மீறினோம் ஐயா. அவங்க மட்டும் விதிப்படி நடந்திருந்தா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். என் விசுவாசத்தைக் காப்பாத்தினது அந்த விசுவாசம் இல்லாத மனுஷிதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்குத் தெரியாதும்மா. நான் முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல மேசைமேல வேதப்புத்தகம் வெச்சிருந்தேன். எடுக்கலேன்னா வேற இடத்துக்கு மாத்திடுவோம்னாங்க. எல்லார் முன்னாடியும் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். இப்பதான் நமக்குன்னு ஒரு இடம் கிடைச்சிருக்கு.”

“அன்னைக்கு உங்களுக்காக யாராவது பேசினாங்களா ஐயா?”

“ஒருத்தரும் பேசல.”

சொன்னவரின் துடைக்கும் கை நின்றுவிட்டது. எண்ணிக்கை மேசைமேல் இருந்த படிவங்களிலிருந்து தன்னுடையதை உருவி எடுத்தாள். “இதுல இருக்குற ஒவ்வொரு வார்த்தையையும் நான் நம்புறேன் ஐயா. ஆனா வேலைக்காக எழுதிக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு வேற யாராவது இந்த இடத்தை வாங்கி, வேற படிவம் நீட்டினா நான் என்ன சொல்லி மறுக்கிறது?”

மனிதர் நல்லவர். காயம் பட்ட இடத்தில் கொஞ்சம் இறுகிப் போயிருந்தார், அவ்வளவுதான். மீதிப் படிவங்களையும் அவள் பக்கம் தள்ளி, “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஜெபம் இருக்கும். வர்றவங்க வரட்டும்” என்றார்.

ஓட்டமும் நடையுமாகத் தியேட்டருக்கு வந்தாள். இன்சார்ஜ் அக்கா கேஸுக்காக முழங்கைவரை கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் மூச்சுவிடாமல் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் திட்டத்தான் திட்டினார். “லிஸ்ட் விஷயத்தை யாருடி உன்னைச் சொல்லச் சொன்னது? பதினெட்டு வருஷம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம வெச்சிருந்தேன்.”

“சொல்லாம எப்படிக்கா? உங்களுக்கு அந்த கேஸெல்லாம் ஒண்ணும் பண்ணாது. எனக்கு அப்படி இல்லையே.”

அக்கா குழாயை முழங்கையால் மூடினார்.

“ஒண்ணும் பண்ணாதுன்னு யாரு சொன்னா?”

கழுவிய கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி அக்கா தொடர்ந்தார்.

“நம்பிக்கை இல்லாதவளுக்கு மனசு கலங்காதா? அந்த கேஸ்ல நின்ன ஒரு நாளாவது நான் மதியம் சாப்பிட்டுப் பார்த்திருக்கியா?”

பார்த்ததில்லை. லிஃப்டில் ஆள் எண்ணியவள், நாற்காலி எண்ணியவள், கூட வேலை பார்க்கும் மனுஷி சாப்பிடாமல் போன நாட்களை எண்ணவில்லை.

“அப்புறம் ஏன்க்கா நின்னீங்க?”

“படுத்திருக்குற பொண்ணு பக்கத்துல யாராவது ஒருத்தி நிக்கணும்ல? நீ நின்னா உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருப்ப. எனக்கு ஒரு வேளைச் சோறுதான் போகும். சரி, அழாம கையைக் கழுவு, கேஸ் காத்திருக்கு.”

பதினெட்டு வருஷமாக அவள் அக்காவுக்காக ஜெபம் செய்திருக்கிறாள். எல்லாம் ‘அவங்களுக்கு நல்ல புத்தி கொடும்’ என்ற ஜெபம். அவருக்காக நன்றி சொல்லி ஒரு ஜெபம்கூடச் செய்ததில்லை என்பது அந்தக் கை கழுவும் தொட்டியருகேதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இப்படி ஒருத்தி பக்கத்திலேயே வாழ வாய்த்ததே என்று நெஞ்சு நிறைந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லும் நேரம். காய்ச்சல் நின்றதற்கு ஒருவர் சொன்னார், வீடு கிடைத்ததற்கு ஒருவர். வழக்கமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் எண்ணிக்கை எழுந்து நின்றாள்.

“என் மனசாட்சி எனக்குச் சுமையா ஆகாம, எனக்குப் பதிலா பதினெட்டு வருஷம் ஒருத்தங்க சுமந்தாங்க. அவங்களுக்கு நம்ம நம்பிக்கை கிடையாது. அவங்களைக் கொடுத்ததுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் சபை முழித்தது. போதகரே புத்தகத்தைப் புரட்டினார். முதல் வரிசையில் இருந்து ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, “ஆமென்” என்றது. செயலாளர்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.