நோட்டின் ஆறாவது வரி

எங்கள் வீட்டில் நெட் வராவிட்டால் என்னவென்று பார்க்கத் தெரிந்த ஒரே ஆள், எட்டு வயதில், நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்த காலமும் உண்டு. கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். வாப்பாவுக்குத் துபாயில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என் அக்கா லாத்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வைரஸ் வராது, காசு கொடுக்க வேண்டாம் என்றார். கோளாறு வந்தால் ஊரில் அதைத் தொட ஆள் கிடையாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

லாத்தா படிக்கிற பெண், அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது. உம்மா மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நினைத்தவள். மிஞ்சியது நான். நெட் போன நாட்களில் வாப்பா வீட்டுப் போனுக்கு அழைத்து, ரிசீவரை என் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் தட்டுவேன். பிறகு அதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் என் கையாலேயே எழுத வைத்தார். மொத்தம் ஆறு வரி. மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறதா பார். வயர் இறுக்கமாக இருக்கிறதா பார். கறுப்புத் திரையைத் திறந்து மோடத்தின் எண்ணுக்கு பிங் அடித்து, பதில் வருகிறதா பார். வெளியே இருக்கிற எண் ஒன்றுக்கு அடித்துப் பார். ஒரு பெயருக்கு அடித்துப் பார், எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் செட்டிங்கில் இருக்கிற எண்களை இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற எண்களோடு ஒத்துப் பார். ஆறாவது வரி கொஞ்சம் நீளம்: ஐந்தும் சரியாக இருந்தால் கோளாறு நம் பக்கம் இல்லை, அந்தப் பக்கம், தட்டிக்கொண்டே இருக்காமல் காத்திரு.

நான் சொல்ல வந்தது லாத்தா பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைப் பற்றி. அதற்கு முந்தின புதன்கிழமை காலையில் வாப்பா இறந்துபோயிருந்தார். வேலைக்குக் கிளம்பி, படியிறங்கும்போது நெஞ்சு வலி. எங்கள் வீட்டில் இது தெரியாதவர்கள் இரண்டே பேர், லாத்தாவும் நானும்.

மாமா, உம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். செய்தி முதலில் அவருக்குத்தான் வந்தது. எங்களில் மௌத் செய்தி வந்தால் பள்ளிவாசல் மைக்கில் சொல்லிவிடுவது வழக்கம். மனைவியானவள் உடனே இத்தாவுக்குப் போக வேண்டும். நகையைக் கழற்றி, வெள்ளை உடுத்தி, நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உம்மா இரண்டையும் நிறுத்திவைத்தாள். சனிக்கிழமை லாத்தாவுக்குக் கடைசிப் பரீட்சை, உயிரியல். அவளை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை. "அவுக ஆசப்பட்டது இது ஒண்ணுதான். அவ எழுதி முடிக்கட்டும், பொறவு நான் அழுதுக்கிறேன்" என்று மாமாவிடம் சொன்னாளாம்.

மாமா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். அடுத்த வீட்டில் பால் பொங்கினாலும் அரை மணியில் ஊருக்கே சொல்லிவிடுகிற எங்கள் தெருப் பெண்கள், அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. உம்மா பச்சைச் சேலையும் கழுத்துச் சங்கிலியுமாகச் சமைத்தாள், பரிமாறினாள், "இன்னுங் கொஞ்சம் சாப்புடு" என்று லாத்தாவை அதட்டினாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் வெங்காயம் என்றாள். அந்த இரண்டு நாளில் எங்கள் வீட்டில் உரித்த வெங்காயத்துக்குக் கணக்கே இல்லை.

உம்மாவின் செல்போன் ரிப்பேர் என்று மாமாவின் கடைக்குப் போனது. கரகரக்கிறது என்று வீட்டுப் போனும் போனது. லேப்டாப்பைத்தான் தூக்க முடியவில்லை, லாத்தாவின் பழைய கேள்வித்தாள்களெல்லாம் அதில்தான் இருந்தன. மாமா பத்து நிமிடம் அதன்முன் உட்கார்ந்திருந்தார். "நெட்டு கெடையாது புள்ள. லைன்ல வேல நடக்குது. திங்கக்கிழமதான் வரும்" என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் வாப்பா திரையில் வருவார். அன்றும் அவர் அனுப்பிய ரோஸ் கவுனைப் போட்டுக்கொண்டு நான் மூன்று மணிக்கே தயார்.

"நெட்டு இல்லம்மா. போயி வெளையாடு" என்றாள் உம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் இருக்கும்போது மாமா என்ன சொல்வது? நோட்டை எடுத்தேன். விளக்குகள் எரிந்தன. வயர் இறுக்கமாக இருந்தது. மோடம் பதில் சொன்னது, வெளியே இருக்கிற எண்ணும் சொன்னது. லைனில் வேலை நடந்தால் இது எப்படி வரும் என்று அப்போதே மாமாவை மட்டமாக நினைத்தேன். பெயருக்கு மட்டும் பதில் இல்லை. செட்டிங்கைத் திறந்து, எண்களை விரல் வைத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஓர் இடத்தில், நோட்டில் ஒன்று, திரையில் ஏழு. ஏழை அழித்து ஒன்று போட்டேன். கடவுச்சொல் கேட்டது. வாப்பா வைத்திருந்தது என் பெயரைத்தான், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி பிங் அடித்தேன், பதில்கள் வரிசையாக விழுந்தன.

வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அழைப்பை அழுத்திவிட்டு மாடியைப் பார்த்துக் கத்தினேன். "லாத்தா, ஓடியா! நெட்டு வந்துருச்சு! வாப்பா லைன்ல!"

லாத்தா கையில் பேனாவோடு இறங்கி வந்தாள். திரையில் வாப்பா இல்லை. அவரோடு ஒரே அறையில் இருந்த முதுகுளத்தூர்க்காரர், வாப்பாவின் கம்ப்யூட்டரில் அழைப்பை எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "சாப்டியா தாயீ" என்று என்னைக் கேட்பவர். அடக்கம் பற்றி விசாரிக்க வீட்டிலிருந்து அழைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"இப்பத்தான் தாயீ, அண்ணன அடக்கம் பண்ணிட்டு வாரோம். நல்ல கூட்டம். ஒரு கொறையும் இல்ல. அம்மாகிட்டச் சொல்லு, அண்ணன் சாமானெல்லாம் நான் பத்திரமா..." என்றவர் லாத்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் வாப்பாவின் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

லாத்தா அலறவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினாள். கதவருகில் கரண்டியோடு நின்ற உம்மாவிடம் "எப்ப?" என்று கேட்டாள்.

"பொதன்கெழம."

"பொறவு ஏன் இன்னும் பச்சச் சேலையில இருக்கீக?"

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அதன்பிறகு அழுத அழுகையில் இரண்டு நாள் அழுகையும் சேர்ந்திருந்தது.

மாமா ஓடி வந்தார். லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "யாரு தொட்டது இத?"

"நாந்தான் மாமா. ஏழுன்னு இருந்துச்சு, ஒண்ணுன்னு மாத்துனேன்."

அவர் என்னை அடிக்கவில்லை. என் தலையில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய கோளாறைக் கண்டுபிடித்தவளை ஒருவர்கூடச் சபாஷ் என்று சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமாக இருந்தது. எண் தானாக மாறாது, யாராவது மாற்றினால்தான் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து வயதில் ஒருநாள் திடீரென்று தோன்றியது. மாமா அதன்முன் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் அதற்குத்தான்.

மறுநாள் லாத்தா பரீட்சைக்குப் போகவில்லை. ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் மேசையிலேயே கிடந்தன. உம்மா வெள்ளைச் சேலையில் அறைக்குள்ளிருந்து மூன்று தடவை ஆள் அனுப்பிக் கெஞ்சினாள். லாத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜூனில் மறுபடி எழுதினாள், தேறவும் தேறினாள். அதற்குள் நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாயைக் கட்டிவைத்திருந்த தெரு, அதன்பிறகு வட்டியோடு பேசியது. "தெரிஞ்சே ரெண்டு நாளு பச்சையில நின்னாளாம்ல." உம்மா நான்கு மாதம் பத்து நாளும் அதை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அசர் முடிந்ததும் நான் ரோஸ் கவுனைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் அழுதிருந்தேன். ஆனாலும் அது வெள்ளிக்கிழமை. வாப்பாவின் பெயர் இருந்தது, பச்சைப் புள்ளி இல்லை. நோட்டை எடுத்து முதல் வரியிலிருந்து பார்த்தேன். விளக்கு, வயர், மோடம், வெளி எண், பெயர். ஐந்தும் சரி.

உம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். "உம்மா, நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

உம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கையை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆறாவது வரியில் எழுதியிருந்தபடி, எதையும் தட்டாமல், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்கிறவரை திரையைப் பார்த்துக் காத்திருந்தேன்.