மண்ணுக்குள் கேட்ட தட்டல்

எஸ்தரின் அப்பா செபாஸ்தியான், தியாகதுருகம் பக்கத்தில் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தவர். காப்பாற்ற வந்தவர்கள் தெற்குப் பக்கம் தோண்டினார்கள். அவர் கிடந்ததோ வடக்குப் பக்கம். எஸ்தர் அப்போது பிளஸ் டூ. பிறகு இன்ஜினியரிங் முடித்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, புதைந்தவனின் தட்டலை மேலிருந்தே கேட்டு இடத்தைக் காட்டும் கருவியைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

அதற்கு நிதி தர யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவளுடைய பேராசிரியர் வெங்கடேசன் ராணுவ ஆராய்ச்சி நிதிக்கு எழுதிப் போட்டார், கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது வேறு. எல்லை தாண்டி வருபவனின் காலடியை மண் வழியாகக் கேட்க வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே சென்சார்தாம்மா. இத முடிச்சிட்டு உன்னோடதப் பாத்துக்கலாம்," என்றார் வெங்கடேசன். எஸ்தர் நம்பினாள். இதைப் பற்றி வெளியில் பேசமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாள்.

சோதனைக்குக் கல்வராயன் மலைச் சரிவு தோதாக இருந்தது. கருவியைப் புதைத்துவிட்டு, மலையில் இருப்பவர்களைக் கூலிக்கு நடக்கவிட்டார்கள். முனியனும் அவர் மனைவி செல்லியம்மாளும் நாள் தவறாமல் வந்தார்கள். முனியன் ஒரு காலைச் சாய்த்து நடப்பார். திரையில் கோடு எழும்பும்போதே அவர்தான் என்று எஸ்தருக்குத் தெரிந்துவிடும். மதியம் அவர்கள் கொண்டுவரும் சாமைச் சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

"இன்னாத்துக்கும்மா எங்கள நடக்க வுட்டுக்கினே கீறீங்க?" என்று செல்லியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"மண்ணு பேசறதக் கேக்கத்தான்க்கா," என்று எஸ்தர் மழுப்பினாள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலை சரிவு இறங்கி முனியனின் வீட்டை மூடியது. மாட்டை அவிழ்த்துக் கட்டப் போயிருந்த செல்லியம்மாள் பிழைத்தாள். அவள்தான் போன் செய்தாள்.

"தட்டற சத்தம் கேக்குதும்மா. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

கருவி ஆய்வுக்கூடத்தின் பூட்டிய அறையில் இருந்தது. எஸ்தர் வெங்கடேசனிடம் ஓடினாள். அவர் உடனே நிதி தந்த அலுவலகத்துக்குப் பேசினார். அந்த அதிகாரியும் பதறினார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே இருந்தவர் எழுத்தில் கேட்கச் சொன்னார்.

"பூட்ட ஒடைச்சி எடுத்துக்கினு போறேன் சார்."

"வேணாம்மா. உன் படிப்பு மட்டும் இல்ல, இங்க இருக்கிற எல்லார் வேலையும் போயிடும்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கதவை மறைத்து நின்றவர் நகரவில்லை.

உச்சிவேளை வரை காத்திருந்துவிட்டு எஸ்தர் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். கள்ளக்குறிச்சியில் இறங்கி மலைப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தட்டல் நின்றுவிட்டது. மறுநாள் பொக்லைன் வந்துதான் எடுத்தது. ஊரே சேர்ந்து தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம், அடுப்படிச் சுவரை ஒட்டிக் கிடந்தார் முனியன்.

காரியம் முடிந்தபின் எஸ்தர் செல்லியம்மாளிடம் மறைக்காமல் சொன்னாள். "அவர் எங்க கீறார்னு காட்டற மிஷினு எங்ககிட்ட இருந்துச்சுக்கா. குடுக்கல. நானும் எடுத்தாரல."

"அந்த மனுசன் நடந்து நடந்து பழக்குன மிஷினா?"

"ஆமாக்கா."

செல்லியம்மாள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். எஸ்தர் கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்தர் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டாள். தனியாக ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று இறங்கியபோது, அந்த வடிவமைப்பு அவளுடையதல்ல என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இப்போது திருக்கோவிலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள்.

போன மாதம் வெங்கடேசன் கூப்பிட்டார். கருவி எல்லைக்குப் போய்விட்டதாம், நன்றாக வேலை செய்கிறதாம். "எல்லாம் உன் ஒழைப்பும்மா," என்றார்.  கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.