சன்னாசி அண்ணன் தாடிக்காரர் இல்லை

என் மூத்த பேத்தி பெர்த்தில் பல் டாக்டர். போன மார்கழியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அவள் தம்பி தேசிய சேவைப் பட்டாளத்தை முடித்துவிட்டு யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் படிக்கிறான், சொந்தக் கெட்டிக்காரத்தனத்தில் இடம் கிடைத்தது. மகள் வீட்டுப் பெரியவளுக்கு பேங்கில் வேலை உயர்வு. கடைக்குட்டி தமிழ்ப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாள். மேடையில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

துக்கம் எழுதுகிற இடத்தில் இந்தக் கிழவி எதற்குப் பேரப்பிள்ளைகள் பெருமையை அளக்கிறாள் என்று நினைப்பீர்கள். இதையெல்லாம் சன்னாசி அண்ணன் முகத்துக்கு நேரே நின்றுதான் நான் சொல்லிப் பழக்கம். காரணம் பின்னால் வருகிறது. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் நான், எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

அவர் போய்விட்டார் என்று அவர் மகள் கலா போன் செய்தபோது புக்கிட் மேரா மார்க்கெட்டில் இக்கான் பிலிஸ் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். "அத்தை, அப்பா..." என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"முகம் வழிச்சாச்சா, கலா?"

"இப்பக் கேக்குற கேள்வியா அத்தை இது?" என்று போனை வைத்துவிட்டாள்.

தேக்காவில் சன்னாசி அண்ணன் சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். ஞாயிற்றுக்கிழமை துவாஸ் பட்டறைகளிலிருந்து வருகிற பிள்ளைகளும் ஆபீஸ் போகிற ஆட்களும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். கடை திறக்கும் முன்னால் அவர் முதலில் வழிப்பது தன் முகத்தை. "கடைக்காரன் மூஞ்சி முள்ளா இருந்தா எவன்டா கழுத்தைக் குடுப்பான்?" என்பார். முள்முகத்தோடு அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி இறந்த அன்றுகூட வழித்துவிட்டுத்தான் கொள்ளிச்சட்டி தூக்கினார்.

என் வீட்டுக்காரர் அவரிடம்தான் வழித்துக்கொள்வார், வேறு ஆளிடம் உட்காரமாட்டார். பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்தபோது அண்ணனே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. மகன் மின்சார ஷேவர் வாங்கி வந்தான். அது கிர்ரென்றதும் என் வீட்டுக்காரர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சரிந்துகிடந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அண்ணன் வந்து சவரக்கத்தியை விரித்தால்தான் முகம் திரும்பும். "என்ன மச்சான், மாப்பிள்ளை ஆக்கிரட்டுமா?" என்று அவர் கேட்டால் நல்லாயிருந்த பாதி உதடு சிரிக்கும்.

ஒருநாள் வழித்து முடித்துவிட்டு அண்ணன் கத்தியை என் முன்னால் வைத்தார். வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன, லேசாகத்தான்.

"இன்னிக்கு மச்சான் கழுத்துல ஒரு நிமிஷம் எனக்கே பயமாயிருச்சு, தங்கச்சி. இனிமே நீதான்."

"எனக்கு வெங்காயம் வெட்டத்தான் தெரியும், அண்ணே."

"வெங்காயம் அழ வைக்கும். இது அழ வைக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

தன் கை ஆடுவதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கலாவிடம்கூட. சவரக்காரன் கை ஆடுகிறது என்றால் அவன் ஆயுசெல்லாம் செய்த வேலையையே சந்தேகப்படுவார்கள் என்றார்.

பழக அவர் கொடுத்தது தன் முகத்தை. "என் மூஞ்சில பழகு. வலிச்சா நான் கத்துவேன். அவரால கத்த முடியாது." நெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கத்தியை வைத்ததும் கத்தினார்.

"ஆத்தாடி! மீனுக்குச் செதில் எடுக்கிறியா? குறாவ் மீனுக்குக்கூட வலிக்கும் லா!"

நாடியில் ரத்தம். படிகாரக் கட்டியை நனைத்து ஒத்திக்கொண்டு, "ம், திரும்ப வை" என்றார். அப்படித்தான் கற்றேன். சுடுதண்ணித் துண்டை வைத்து முடியை ஊறவிட வேண்டும். நுரையை முகத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்து எழுப்ப வேண்டும். இடது கை தோலை இழுத்துப் பிடிக்கும், கத்தியின் முதுகு தோலோடு ஏறக்குறையப் படுத்திருக்கும். நிமிர்த்தினால் வெட்டும், ரொம்பப் படுக்கவிட்டால் பிடுங்கும். "நீ அழுத்தாதே. கத்திக்கு அதோட கனம் போதும். நீ கூடப் போனாப் போதும்" என்பார். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும். நான் ஒருமுறை கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளி வாரைக் கீறிவிட்டேன். அன்றைக்கு அவர் என்னோடு பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் வந்தும் என் கை மட்டும் இறுகிக்கொண்டே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கும் அவர்தான் வழி சொன்னார். "பேச்சு குடு, தங்கச்சி. நீ வாயை மூடினா கை கல்லாயிருது. பேரன் பேத்தி கதை சொல்லேன், அதுதான் உனக்கு நிக்காம வருமே."

சொன்னேன். யார் எந்தப் பாடத்தில் எவ்வளவு, யாருக்கு எந்தப் பரிசு என்று சொல்லச் சொல்லக் கை இளகியது. ஒருநாள் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா? நான் தூங்கிட்டேன்" என்றார். அதுதான் என் பரீட்சை. அதன்பிறகு என் வீட்டுக்காரர் போகிறவரை அவர் முகத்தை நான்தான் வழித்தேன். போன பிறகும் நான்தான். அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். "உசுரோட இருக்கிறவனுக்கு வலிச்சா முகத்துல தெரியும். இங்க ஒண்ணும் தெரியாது. அதனால இன்னும் மெதுவா."

பிறகு அவர் கடையை மூடிவிட்டு பாசிர் ரிஸில் கலா வீட்டோடு போய்விட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் காப்பி குடிக்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ரயிலேறி என் வீட்டுக்கு வருவார். நான் வழித்து அனுப்புவேன். இடைப்பட்ட நாளில், என் பேத்தி அவருக்கு வாங்கிக் கொடுத்த ஷேவரால் அவரே சமாளிப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். அதைக் கையில்கூட எடுக்கவில்லை. கலாவுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பாராம். அப்பா வழக்கம்போலத் தானே வழித்துக்கொள்கிறார் என்றுதான் அவள் இருந்தாள்.

கார்த்திகையில் நான் பெர்த்துக்குப் போனேன். அண்ணனுக்கு முகம் வழிக்க ஆளில்லாமல் போயிற்று. தாடி வளர்ந்தது. "என்னப்பா இது?" என்று கலா கேட்டபோது கை ஆடுவதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "முருகனுக்கு வேண்டுதல், தைப்பூசத்துக்கு எடுப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வந்தால் ரகசியமாக வழித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். பூசத்துக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். அவருக்கும் அதே பக்கவாதம். அவருக்கும் பேச்சு போய்விட்டது.

நான் வந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தாடிக்குள்ளே அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி, விரலின் பின்பக்கத்தால் கன்னத்தைக் கீழிருந்து மேலே தடவினார். வழித்து முடித்தபின் முள் இருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்தத் தடவல்.

"வழிச்சு விடச் சொல்றாரு, கலா."

"இல்ல அத்தை. வேண்டுதலை ஞாபகப்படுத்துறாரு. வர்றவங்க எல்லார்கிட்டேயும் இப்படித்தான் தடவிக் காட்டுறாரு."

அவளை வெளியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். கை ஆடியதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொன்னேன்.

"எங்கப்பா கையா? எங்கப்பா கை ஆடுச்சா? அத்தை, நீங்க யாரையோ நெனச்சு யாரையோ சொல்றீங்க. அவரு வாயால சாமிக்குன்னு சொன்னாரு. குணமாகி அவரே கோயிலுக்கு வந்து எடுக்கட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் தாடி இருக்கிறவரை அப்பா எழுந்து வருவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மகள் சொல்லை மீறி நர்ஸும் தொடமாட்டார். நான் போகிறபோதெல்லாம் அண்ணன் கன்னத்தைத் தடவினார். நான் குனிந்து பேரப்பிள்ளைகள் கதையைச் சொல்வேன். கத்தியில்லாமல் வெறும் கதை. கடைசியில் தடவுவதையும் விட்டுவிட்டார்.

அவர் போன அன்று கலா வீட்டு அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி வேட்டி கட்டி, தாடியை அழகாகச் சீவிவிட்டிருந்தார்கள். கலா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் எது உண்மை, எது பொய் என்று வாதாடப் போகவில்லை.

"வேண்டுதல்னா முடியைக் குடுக்கணும்ல, கலா? பூசம் போயிருச்சு. இப்படியே அனுப்பினா, குடுக்கிறேன்னு சொன்னதைக் குடுக்காம போனவர் ஆயிருவாரே."

அப்பா தாடியையே பார்த்தாள். பிறகு மாலையைக் கீழே வைத்துவிட்டு, "எடுங்க அத்தை. நானே கிண்ணத்தைப் பிடிச்சுக்கறேன்" என்றாள்.

வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். பெண்பிள்ளை எடுப்பதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கலா திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. குளிர்ந்த தோல், இழுத்தால் இழுத்தபடியே நிற்கிறது. எண்ணெய் தடவி, முதலில் கத்தரிக்கோலால் குறைத்து, பிறகு கத்தியை வைத்தேன். என் கை கல்லாயிற்று. அதனால் பேசினேன். பெர்த்தில் பிறந்த குழந்தை, பேங்க் வேலை, பேச்சுப் போட்டிக் கோப்பை. அத்தனை பேர் முன்னால், செத்தவர் முகத்துக்கு நேரே. இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா.

இடது தாடைக்குக் கீழே அவருக்கு முடி குறுக்கே சுழித்துக்கொண்டு வளரும். மேலிருந்து கீழே எடுத்தால் கீறிவிடும். அந்த இடம் வந்ததும் என் கை தானாகத் திரும்பி, காதுப்பக்கமிருந்து தொண்டைப்பக்கம் எடுத்தது. கலா கிண்ணத்தோடு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்த எடத்துல இப்படித் திருப்பணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தை?"

நான் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பை எடுத்தேன்.

"அப்ப... ஆஸ்பத்திரியில அவரு வழிச்சு விடச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரா?"

கிண்ணத்தை அவள் கீழே வைக்கவில்லை. அழுதுகொண்டே கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்த முடியை வெள்ளைத் துணியில் முடிந்து, சாம்பலோடு கடலில் விட்டாள். இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "எழுதுங்க அத்தை, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள்.

அவருடைய கத்தியும் தோல்வாரும் என் அலமாரியில் இருக்கின்றன. வாரில் நான் கீறிய கீறலும் அப்படியே இருக்கிறது. கத்திக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு இனி முகம் இல்லை. அவரிடம் கற்றதில் என்னிடம் மிச்சம் இருப்பது அழுத்தாமல் கூடப் போகிற கை ஒன்றுதான்.

பழைய தேக்காக்காரர்கள் பக்கத்தை நடத்துகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் அண்ணனுக்குத் தாடி இருக்கிறது. கலா வீட்டில் கடைசியாக எடுத்தது அதுதான், அவள் தெரியாமல் கொடுத்துவிட்டாள். என் போனில் வேறொன்று இருக்கிறது. நான் பெர்த்துக்குக் கிளம்பிய காலையில் எங்கள் சமையலறையில் வழித்து முடித்ததும், பேச்சுப் போட்டிக் கோப்பைக்காரி எடுத்தது. நெஞ்சில் துண்டு, விரல் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது. முகத்தில் ஒரு முள் கிடையாது. அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், தம்பிகளா. இன்றைக்கே போடுங்கள்.